யமகண்டத்துக்கு முன் ஒரு பலூன்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பாடத் தெரியுமா என்று கேட்கவில்லை. காகிதப் பலூனைப் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயைக் கொடுத்தது நான்.

2003-ஆம் வருடம், மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். மாப்பிள்ளைக்கு அரியலூர். சிமெண்ட் ஆலை ஒன்றில் ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. போட்டோவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரோ திட்டப்போகிறார்கள் என்பதுபோல் நின்றிருந்தார். எனக்கு அந்த முகம் பிடித்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா உடனே மண்டபம் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

அவருடைய அப்பாவைத்தான் எல்லோரும் எச்சரித்தார்கள். ஆலையில் சூளைப் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விவாதம் என்றால் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு வருவார் என்று கேள்வி. அதிலும் பெரம்பலூர் என்றால் அவருக்கு ஆகாது. 2001-இல் அரியலூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், அடுத்த வருடமே திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். அதில் என் அப்பாவுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர், "மாவட்டத்தத்தான் எடுத்துக்கிட்டீங்க, பொண்ணையாவது எங்களுக்குக் குடுக்குறீங்களான்னு பாப்போம்" என்றார். அப்பா சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

"எங்க ஊர்ல ரயில் இருக்கு" என்றார் அடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

"எங்க ஊர்ல இல்லைங்க. அதனாலதான் எனக்குப் பொழப்பு ஓடுது" என்றார் கண்டக்டரான என் அப்பா.

இப்படி நல்லபடியாகவே ஆரம்பித்தது. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் வந்தன. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தட்டோடு வந்து நின்றேன். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்பது அம்மாவின் உத்தரவு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லித்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்பதை அவள் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் தலைமுடியைப் பற்றி விசாரித்தார். மாப்பிள்ளை பஜ்ஜியைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரிங்க. ஒரே ஒரு விஷயம். எங்க வூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போறதில்ல. கல்யாணத்துக்கப்புறம் டீச்சர் வேலையெல்லாம் வேணாம்."

அப்பா என்னைப் பார்க்காமல், "அதுக்கென்னங்க, பேசிக்கலாம்" என்றார். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஏழாம் வகுப்பில் ஒரு விஷயம் புரிந்துவிட்டால், பின் பெஞ்சிலிருந்து "ஆ..." என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காக நான் எந்த வெயிலிலும் நடந்து போவேன். அதைக் கேசரித் தட்டுக்கு நடுவே "பேசிக்கலாம்" என்று ஒதுக்கி வைத்ததில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

மாமாவே வழி திறந்துவிட்டார். "அப்படி என்னதாம்மா சொல்லித் தர்ற?"

"வெப்பம் பாடம் நடத்துனேங்க மாமா. வெப்பக்காத்துப் பலூன் எப்படிப் பறக்குதுன்னு."

"இதுல நடத்துறதுக்கு என்ன இருக்கு? புகை மேல போவும். போற போக்குல பலூனையும் தூக்கிட்டுப் போவும்."

அரியலூர்க்காரரிடம் புகையைப் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. கண் விழித்தால் புகைபோக்கி, கண் மூடினால் புகைபோக்கி என்று வளர்ந்தவர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"புகை இல்லைங்க மாமா. சூடான காத்து."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்லைங்க. உங்க ஊர்ல மொட்டை மாடியில துணி காயப்போட்டா வெள்ளையாப் படியுதாமே, அது என்னங்க?"

"புகையில வர்ற தூசி."

"மேல தூக்கிட்டுப் போற சாமானா இருந்தா, எதுக்குங்க கீழ வந்து விழுது?"

அம்மா கண்ணாலேயே என்னை அடித்தாள். மாப்பிள்ளைக்குப் பஜ்ஜி புரையேறிவிட்டது. அது இருமலா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இருமலைவிட நீளமாக இருந்தது.

மாமா தட்டைக் கீழே வைத்தார். "பறக்கவுட்டுக் காட்டுறியா?"

"காட்டுறேன்."

"புகை இல்லாம?"

"புகை இல்லாம."

"சரி. பறந்துச்சுன்னா நீ வேலைக்குப் போ, நான் ஒண்ணும் சொல்லல. பறக்கலன்னா வேலைய வுட்டுடணும்."

"சரிங்க மாமா."

"ஏங்க, பொண்ணு பாக்க வந்தமா, பலூன் பாக்க வந்தமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மாவான அத்தை. மணி பதினொன்று தாண்டியிருந்தது. பன்னிரண்டுக்கு யமகண்டம். அதற்குள் பறக்கவிட்டு, அதற்குள் அவர்கள் வாசலைத் தாண்டியாக வேண்டும்.

எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் பலூன் பரணில் தயாராக இருந்தது. பட்டம் செய்கிற மெல்லிய தாளை ஒட்டிச் செய்தது, நிமிர்த்தினால் என்னைவிட உயரம். ஜனவரியில் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்து, காலைப் பிரேயர் முடிந்த கையோடு மைதானத்தில் விட்டேன். கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போனது. உள்ளே தீ எதுவும் கிடையாது. அடுப்புக்கு மேல் இரண்டு பக்கமும் திறந்த எண்ணெய் டின்னை வைத்து, அதன் வழியாகச் சூடான காற்றைப் பிடித்து நிரப்பிவிட வேண்டியதுதான். பெரம்பலூரில் பாதி வீடு கூரை வீடாக இருக்கும்போது தீப்பந்தத்தை ஆகாயத்தில் அனுப்ப எனக்கென்ன பைத்தியமா?

பிள்ளைகளுக்கு நான் அப்பாவின் பஸ்ஸை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பலூனுக்குள் இருக்கும் காற்று, நிறைந்த பஸ்ஸில் இருக்கும் ஜனம் மாதிரி. சூடு ஏறினால் ஒவ்வொருவரும் கையைக் காலை வீசி ஆட ஆரம்பித்துவிடுவார்கள். இடம் போதாது. கொஞ்சம் பேர் கீழ்ப்படி வழியாக இறங்கித்தான் ஆக வேண்டும். பஸ் அதே அளவு, உள்ளே ஆள் குறைவு, அதனால் எடை குறைவு. வெளியே இருக்கும் கனமான காற்று, கிணற்றில் காலிக் குடத்தைத் தண்ணீர் மேலே தள்ளுவதுபோல், இதை மேலே தள்ளிவிடும். இந்த உதாரணத்தை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நடுவழியில எவன் எறங்குவான்?"

மொட்டை மாடிக்கு எல்லோரும் ஏறினோம். எதிர்வீட்டு அக்கா, தன் மாடியில் தென்னை நிழல் விழுகிறதென்று, எங்கள் மாடியில்தான் புடவையை விரித்துக் கூழ் வத்தல் ஊற்றியிருந்தார். அதை ஓரமாக இழுத்துவிட்டு, கரி அடுப்பை மூட்டினேன். மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே வந்து பலூனின் வாயை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருந்தார். அது அவருடைய இயல்பு என்று தெரிந்தது.

அப்போதுதான் அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

"எதுக்குப்பா?"

"டிப்போவுல புது வண்டி வந்தா இது இல்லாம எடுக்க மாட்டோம். அடியில கட்டு."

"அப்பா, அது பேப்பருப்பா!"

"அதுக்காக? நல்ல காரியம் நடக்குற எடம்."

போராடி எலுமிச்சம்பழத்தை மட்டும் தடுத்துவிட்டேன். பின்னாலேயே வந்த அம்மாவைத் தடுக்க முடியவில்லை. பலூனுக்கு நான்கு பக்கமும் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். கழுத்தைச் சுற்றி இரண்டு முழம் மல்லிகை. சம்பந்தி வீட்டார் முன்னால் வெறுமனே அனுப்பினால் நன்றாக இருக்காதாம். பலூன் என்னைவிட அழகாக இருந்தது.

கரி சிவந்தது. தாள் மெல்ல மெல்ல உப்பியது. மாமா குனிந்து அடுப்பைப் பார்த்தார்.

"புகையே காணோமே. இதுல எப்படிம்மா பறக்கும்? கொஞ்சம் புகை போடுங்க."

"புகை இல்லாமதானே மாமா பேச்சு?"

"சும்மா ஒரு கை போடுங்கன்றேன். புள்ள தோத்துடப்போவுது."

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். விருந்தாளி சொல்லிவிட்டார் என்றால் எங்கள் வீட்டில் மறுபேச்சு ஏது? அம்மா பாய்ந்து போய்ச் சாம்பிராணியும் ஈரத் தேங்காய் நாரும் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். அவ்வளவுதான். மொட்டை மாடி கோயில் மாதிரி ஆகிவிட்டது. அத்தை தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். புகையின் நடுவே மாப்பிள்ளை, "ஸ்ஸ்" என்று விரலை உதறினார். டின்னில் பட்டுச் சுட்டுவிட்டது, ஆனால் பலூனை விடவில்லை.

நான் "விடுங்க" என்றேன். விட்டோம். பலூன் முழங்கால் உயரம் எழும்பியது. எழும்பிய இடத்தில் கொஞ்சம் யோசித்தது. பிறகு சந்தனம், குங்குமம், மல்லிகை எல்லாவற்றோடும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்யாண மயக்கத்தில் இருப்பதுபோல் தள்ளாடிப் போய், எதிர்வீட்டு அக்காவின் கூழ் வத்தல் மேல் படுத்துக்கொண்டது.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

மாமா சந்தோஷப்படவில்லை. அதையும் சொல்ல வேண்டும். வத்தல் மேல் கிடந்த பலூனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "சரிம்மா, பேச்சு பேச்சுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று வழக்கமான வார்த்தை. யமகண்டத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் படியிறங்கிய மாப்பிள்ளை விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்லாத்தான் உப்புச்சு" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

மதியம் முழுக்க எனக்கு அர்ச்சனை நடந்தது. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசினால் இப்படித்தான் என்றாள் அம்மா. "ஒத்துக்கிட்டது நீ. ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்துடு" என்றார் அப்பா. அழுகையாக வந்தது. அழுதால் தோற்றதாக ஆகிவிடும் என்று, வத்தலைச் சுத்தம் செய்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். செருப்புப் போட மறந்துவிட்டேன். தரையில் காலை வைத்தேனோ இல்லையோ, "அய்யோ" என்று குதித்தேன். தோசைக்கல் தோற்றுவிடும். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சூடான காற்று லேசு, லேசு என்று வகுப்பில் கத்திக்கொண்டே இருந்தேனே, எதைவிட லேசு? வெளியே இருக்கும் காற்றைவிட. வெளியே இருப்பதும் பெரம்பலூரின் கத்திரி வெயிலில் கொதித்துக் கிடந்தால், உள்ளே இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் எங்கே? ஜனவரி காலையில் வெளியே குளிர்ந்த, கனமான காற்று. பலூனைத் தள்ளிவிட்டது. மே மாத வெயிலில் வெளிக்காற்றுக்கே தெம்பில்லை. இருந்த கொஞ்ச வித்தியாசத்தையும் ஈரத் தேங்காய் நார் அடுப்பைத் தணித்துத் தின்றுவிட்டது. மீதியைச் சந்தனமும் பூவும் பார்த்துக்கொண்டன. எனக்கு அவமானம் போய், பசி வந்தது. கீழே போய் மீதிக் கேசரி முழுவதையும் சாப்பிட்டேன்.

சாயங்காலம் சந்தனத்தைச் சுரண்டி, பூவை அறுத்தெறிந்து, கிழிந்த இடங்களைச் சோற்றுப் பசையால் ஒட்டினேன். பந்தயம் முடிந்துவிட்டது என்று தெரியும். எனக்காகவே ஒரு தடவை விட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இல்லாவிட்டால் ஏழாம் வகுப்பின் முகத்தில் எப்படி முழிப்பது?

மறுநாள் விடியற்காலையில் அடுப்பையும் டின்னையும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசல் தெளிக்க வந்தேன். நைட்டிமேல் ஒரு துண்டு, கையில் சாணி வாளி. வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை. அரியலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லாமல் மறுபடி வாசல் மிதிப்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை. பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்த அப்பா, நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். சம்பந்தம் வேண்டாம் என்று நேரிலேயே சொல்ல வந்துவிட்டார் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாமா அப்பாவைக் கவனிக்கவே இல்லை. "ஏம்மா, நேத்து அவ்வளவு புகை இருந்துச்சே. கண்ணே தொறக்க முடியல. அப்புறம் ஏன் பறக்கல?" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நேற்று விழுந்தது என்னுடைய பலூன் மட்டும் இல்லை, அவருடைய புகையும் சேர்ந்து விழுந்துவிட்டது என்று வீடு போய்ச் சேர்வதற்குள் கண்டுபிடித்திருக்கிறார். ஜெயித்த மனிதர் பேசாமல் தூங்கியிருக்கலாம். முடியவில்லை.

"மேல வாங்க மாமா" என்றேன்.

கரி நன்றாகச் சிவக்கும்வரை காத்திருந்தோம். மாமா டின்னுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்தார். எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். "சூடு ஏறுது. புகை ஒரு பொட்டு இல்ல" என்று அவரே சாட்சி சொன்னார். காற்று அசையவில்லை, தரை சில்லென்று இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். தாள் உப்பி, நிமிர்ந்து, விறைத்துக்கொண்டு நின்றது. பிறகு என் கையை மேலே இழுத்தது.

"இழுக்குதும்மா!" என்றார் மாமா.

"விடுங்க மாமா."

அவர் விடவில்லை. நான் அவர் விரலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. பலூன் எங்கள் தலைக்கு மேல் போனது, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் போனது, எதிர்வீட்டுத் தென்னை மரத்துக்கு மேல் போனது. அவசரமே இல்லாமல், படியேறிப் போவதுபோல் போனது. பின் பெஞ்சிலிருந்து வருமே, அந்தச் சத்தம் என் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா வாயைத் திறந்தபடி நின்றிருந்தார்.

தென்னைக்கு மேலே போன பலூன் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நகர்ந்தது. உடனே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன். முந்தின நாள் பட்டுப்புடவையில் குனிந்த தலை நிமிராமல் நின்ற பெண், நைட்டியும் துண்டுமாகத் தெருவில் ஓட, அவளுக்கு மாமனாராக வரவேண்டியவர் ஆகாயத்தைப் பார்த்தபடி முன்னால் ஓட, பின்னால் அப்பா பிரஷ்ஷோடு, "சம்பந்தி! என்னங்க ஆச்சு? சம்பந்தி!" என்று கத்திக்கொண்டு வந்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

தெருமுனை டீக்கடைக்குப் பக்கத்தில் பலூன் தானாகவே சோர்ந்து இறங்கியது. மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாளைத் தடவினார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போச்சு" என்றார் மூச்சிரைக்க. "ஆறுனதும் எறங்கிடுச்சு."

"ஆமாங்க மாமா."

"அப்ப புகையில ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணுமே இல்லைங்க."

சூளைப் பக்கம் எத்தனையோ வருடம் நின்ற மனிதர். அதை விழுங்க அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பலூனைப் பொறுமையாக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். "சரி, வேலைக்குப் போ" என்றார்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. நேற்று வெயில் கொஞ்சம் குறைந்திருந்தால் நான் டீச்சர். வெயில் அடித்ததால் இல்லை. இன்று குளிர்ந்ததால் மறுபடி டீச்சர். இது என்ன நியாயம்?

"இன்னிக்கும் பறக்கலன்னா, மாமா?"

"வேலைய வுட்டுத்தான் ஆவணும். பேச்சு பேச்சுதான்."

"நான் விட்டிருக்க மாட்டேன்."

பின்னால் வந்து சேர்ந்த அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு நேத்து சரின்ன?"

"பறந்துடும்னு நெனச்சேன்."

அவர் ஒரு டீ சொன்னார். பிறகு கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டி, அப்பாவைப் பார்த்ததும் அதை மூன்றாக்கினார். டீ வந்து, பாதி குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நானுந்தாம்மா. பறக்கவே பறக்காதுன்னு நெனச்சுத்தான், பறந்தா வேலைக்குப் போன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து டீயைக் குடித்தார். அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே வாழ்ந்துவிடலாம் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.